காணாதவரோடு கதைப்பது: யாழ்ப்பாணத்து வீட்டில் செபம் பழகுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காணாத உலகம் ஒன்று உண்டு என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் நிரூபிக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு நாவூறு பட்டுவிட்டதென்று உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவோம். பொழுதுபட்ட பிறகு அந்தப் புளியடியால் வராதே என்று மறிப்போம். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடுகளும் இதற்கு விலக்கில்லை. கழுத்தில் செபமாலை கிடக்கும், வியாபாரம் படுத்தால் யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்ற கதையும் நடக்கும்.

ஆகவே எங்கள் கேள்வி வேறு. காணாத அந்த உலகத்தை ஆளுகிறவர் யார், அவர் எப்படிப்பட்டவர்? இதில் தெளிவில்லாமல் செபிக்கத் தொடங்கினால் செபம் பயம் போக்கும் மந்திரமாகிவிடும். அல்லது மனதை அமைதிப்படுத்தும் ஒரு பயிற்சியாகச் சுருங்கிவிடும். கிறிஸ்தவம் சொல்லும் செபம் இரண்டுமில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உண்மையில் அங்கே இருக்கிற ஒருவரோடு கதைப்பதே செபம். நீங்கள் கண்ணை மூடுவதற்கு முதலே அவர் அங்கே இருக்கிறார். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்தே வருகின்றன. கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தேயினர் யாரானாலும் பயன்படுத்தலாம்.

தொடங்க முதல்: எதை நம்பி உட்காருகிறோம்

கி.பி. 325 இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அறிக்கையிட்ட விசுவாசப் பிரமாணத்தின் முதல் வரியிலேயே, காண்பவை காணாதவை எல்லாவற்றையும் படைத்தவர் கடவுள் என்று இருக்கிறது. ஞாயிறு பூசையில் இந்த வரியை வாய் பழகிய வேகத்தில் சொல்லிவிட்டுப் போகிறோம். கொஞ்சம் நின்று பாருங்கள். காணாதவையும் படைக்கப்பட்டவையே. தூதர்களாகட்டும், தீய ஆவிகளாகட்டும், எல்லாம் படைப்பின் பக்கத்தில்தான் நிற்கின்றன. கடவுள் காணாத சக்திகளில் பெரியதொரு சக்தி அல்லர். அவர் அந்த வரிசையிலேயே இல்லை. ஆகவே அவருக்கு எதிராளி என்று சமமாக நிற்க எதனாலும் முடியாது.

அவர் எப்படிப்பட்டவர் என்பதை ஊகித்து அறிய வேண்டியதில்லை. ‘என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்’ என்று இயேசு சொன்னதாக யோவான் 14 இல் இருக்கிறது. தொழுநோயாளியைத் தொட்டவர், லாசருவின் கல்லறையடியில் அழுதவர், தன்னை மறுதலித்த பேதுருவுக்குக் கடற்கரையில் மீன் சுட்டுக் கொடுத்தவர்: காணாத கடவுளின் குணம் இதுதான். செபிக்கும்போது மனதில் வேறு முகம் வந்தால், கோபக்கார அப்பாவின் முகமோ கணக்குப் பார்க்கும் முதலாளியின் முகமோ வந்தால், அதை விலக்கிவிட்டு நற்செய்தியில் ஒரு பக்கத்தைத் திறவுங்கள்.

எபிரெயர் 11:1 விசுவாசத்தைக் ‘காணப்படாதவைகளின் நிச்சயம்’ என்கிறது. அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தால், அந்த நிச்சயம் ஒரு உணர்ச்சி அல்ல என்பது விளங்கும். நோவா கப்பல் கட்டினான், ஆபிரகாம் போகுமிடம் தெரியாமல் புறப்பட்டான். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைச் செய்தார்கள். நீங்கள் செய்யப்போவது, ஒவ்வொரு நாளும் கதிரையில் போய் உட்காருவது.

படி 1: இடமும் நேரமும்

அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, அந்தரங்கத்தில் இருக்கிற பிதாவிடம் செபம் செய் என்கிறார் இயேசு (மத்தேயு 6:6). மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் வீட்டில் பூட்டுகிற அறைக்கு எங்கே போவது? கிணற்றடிக் கட்டு போதும். எல்லோரும் எழும்ப முதல் குசினியின் ஒரு மூலை போதும். பஸ்ஸில் யன்னலோர இருக்கையும் போதும். யாருக்கும் காட்டத் தேவையில்லாத இடமாக இருப்பதுதான் முக்கியம்.

முழு அமைதிக்குக் காத்திருக்காதீர்கள். விடியப்புறம் நாலரைக்கே ஒரு பக்கம் கோயில் ஒலிபெருக்கி, மறுபக்கம் எங்கள் மணி. இந்த ஊரில் சத்தமில்லாத நேரம் என்று ஒன்றில்லை. தானியேல் நாளுக்கு மூன்று வேளை, யன்னல் திறந்தபடி செபித்தான். பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியை மற்ற அறையில் விட்டுவிட்டு வாருங்கள்.

மறைவில் செபிப்பது எங்கள் ஊருக்குப் புதிதுமல்ல. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல், கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் வந்தவர் யோசேவ் வாஸ் அடிகளார். சில்லாலையிலும் சுற்று வட்டாரத்திலும் இரவிரவாக வீடுகளில் பூசை வைத்தார். கோயிலும் இல்லை, மணியும் இல்லை, திருவிழாவும் இல்லை. அப்படிப்பட்ட வழிபாட்டிலிருந்துதான் யாழ்ப்பாணக் கத்தோலிக்கம் பிழைத்தது. 2015 சனவரி 14 அன்று காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

படி 2: வாய் திறக்க முதல் நிற்பது

பெரும்பாலானோர் தவறவிடும் படி இது. என் பார்வையில் மற்றவை எல்லாவற்றையும் விட முக்கியமானதும் இதுவே.

16ஆம் நூற்றாண்டில், இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் ஒரு சிறிய வழி சொல்லித் தந்தார். செபிக்கப்போகும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னால் நில்லுங்கள். ஒரு பரலோக மந்திரம் (இயேசு கற்பித்த செபம்) சொல்லும் நேர அளவுக்கு, ஆண்டவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினையுங்கள். பிறகு தாழ்மையோடு வணங்கிவிட்டு உட்காருங்கள். அவ்வளவுதான்.

இதைச் செய்யும்போது எதையும் கற்பனை பண்ணத் தேவையில்லை. ஒளி, உருவம், குரல் எதுவும் வேண்டாம். உண்மையாக இருப்பதை ஏற்றுக்கொள்வதே வேலை. ‘ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர். நானும் வந்திட்டன்.’ இந்த இரண்டு வசனம் போதும். முழங்காலில் நிற்கலாம், பாயில் சம்மணம் கட்டலாம், முழங்கால் வலிக்கும் வயதென்றால் கதிரையில் இருக்கலாம்.

படி 3: அவர் கதைப்பதை முதலில் கேட்பது

செபத்தை நாங்கள் தொடங்கிவைப்பதில்லை. எனவே முதலில் வேதாகமத்தில் ஒரு சிறு பகுதி. அதிகாரம் அதிகாரமாக ஓடவேண்டாம். பத்துப் பதினைந்து வசனம் போதும். மெதுவாக, வாயசைத்து, இரண்டு தரம் வாசியுங்கள். எந்தச் சொல் மறிக்கிறதோ அங்கே நில்லுங்கள்.

எப்படி என்று ஒரு பகுதியை வைத்தே காட்டுகிறேன். 2 இராஜாக்கள் 6:8–23. சீரிய ராஜா எலிசா தீர்க்கதரிசியைப் பிடிக்க இரவோடிரவாகப் படை அனுப்புகிறான். விடியக் காலமை வேலைக்காரப் பெடியன் வெளியே வருகிறான். தோத்தான் ஊரைச் சுற்றிக் குதிரைகளும் இரதங்களும். ‘ஐயோ, என் ஆண்டவனே, என்ன செய்வோம்?’ என்று கத்துகிறான்.

சுற்றிவளைப்பு என்ற சொல்லை இந்த ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாற்பது வயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்தவருக்கு அந்த விடியல் எப்படி இருக்குமென்று தெரியும்: நாய் குரைக்கும் சத்தம், படலையடியில் பூட்ஸ் சத்தம், அம்மா அடையாள அட்டையைத் தேடும் பதற்றம். முதல் வாசிப்பில் அந்தப் பெடியனின் இடத்தில் நில்லுங்கள். உங்கள் இன்றைய சுற்றிவளைப்பு எது? வங்கிக் கடனா, ஸ்கான் அறிக்கையா, வீட்டுக்குள்ளேயே ஒருவரோடு ஒருவர் கதைக்காத சண்டையா?

இரண்டாம் வாசிப்பில் எலிசாவைப் பாருங்கள். அவன் இரதங்களை அனுப்பும்படி கேட்கவில்லை. அக்கினி இரதங்கள் மலை நிறைய ஏற்கனவே நிற்கின்றன. ‘கர்த்தாவே, இவன் பார்க்கும்படி இவன் கண்களைத் திறந்தருளும்’ என்று மட்டும் கேட்கிறான். அந்தச் செபத்தால் மலையில் புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. பெடியனின் பார்வைதான் மாறியது.

கதையின் கடைசிப் பகுதியைப் பலர் வாசிப்பதில்லை. பிடிபட்ட படையை வெட்டட்டுமா என்று இஸ்ரவேலின் ராஜா கேட்கிறான். வேண்டாம், அப்பமும் தண்ணீரும் கொடுத்து அனுப்பு என்கிறான் எலிசா. மலையின் இரதங்களைக் கண்டவனுக்கு எதிரியை வெட்டும் அவசரம் இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும்பும். அதை அடக்கவேண்டாம். 1995 யூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில், இடம்பெயர்ந்து வந்து ஒதுங்கியிருந்த சனத்தின் மேல் விமானம் குண்டு போட்டது. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே அக்கினி இரதங்கள் எங்கே நின்றன?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லுகிற பிரசங்கியை நம்பாதீர்கள். வேதாகமமே அப்படிச் சொல்வதில்லை. அப்போஸ்தலர் 12 ஐ எடுங்கள். ஏரோது யாக்கோபை வாளால் வெட்டிக் கொல்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து கூட்டிப்போகிறான். ஒருவர் ஏன், மற்றவர் ஏன் இல்லை என்று லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்றும் எழுதவில்லை. காணாத உலகை நம்புவதென்றால் அதன் கணக்கெல்லாம் எங்களுக்குத் தெரியும் என்பதல்ல. சிலுவையில் தொங்கியவரே அங்கே ஆளுகிறார் என்பதுதான் எங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. மற்றது கேள்வியாகவே இருக்கும், அந்தக் கேள்வியையும் செபத்துக்குள் கொண்டுவரலாம். அதுதான் அடுத்த படி.

படி 4: கதைப்பது, முறையிடுவது

பிரசங்க மேடைத் தமிழில் செபிக்க வேண்டியதில்லை. ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’ என்று இடைவெளி நிரப்பவும் வேண்டியதில்லை. வீட்டில் எப்படிக் கதைக்கிறீர்களோ அப்படியே.

செத்தவீட்டில் ஒப்பாரி வைக்கத் தெரிந்த சமூகம் நாங்கள். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை இராகம் இழுத்து வாசித்து, பாடுகளை நினைத்து அழத் தெரிந்தவர்கள். ஆனால் சொந்தத் துயரத்தோடு கடவுளிடம் போகும்போது மட்டும், முறையிட்டால் விசுவாசக் குறைவாகிவிடுமோ என்று வாயைக் கட்டிக்கொள்கிறோம். சங்கீதப் புத்தகம் அப்படி நினைக்கவில்லை. 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்தில் மட்டும் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு தரம் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஆறுதல் வரிகூட இல்லை. இருந்தும் அதுவும் செபம்தான். அவர் கேட்கிறார் என்று நம்புகிறவன்தான் அவரிடம் முறையிடுவான்.

13ஆம் சங்கீதத்தின் ஒழுங்கு எளிது: முறைப்பாடு, வேண்டுதல், பிறகு நம்பிக்கை. மகனை வெளிநாட்டுக்கு ஏஜென்சிக்காரரோடு அனுப்பிவிட்டுத் தகவலில்லாமல் இருக்கும் தாய் ஒருவர் இப்படிக் கதைக்கலாம்:

‘ஆண்டவரே, பெடியன் போய் மூண்டு மாசம். ஒரு போன் இல்லை. இன்னும் எத்தினை நாளைக்கு இப்பிடி வைச்சிருப்பீர்? எல்லாரும் கேக்கினம், சொல்ல என்னட்ட ஒண்டுமில்லை. அவன் எங்க நிக்கிறான் எண்டு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அவனுக்குச் சாப்பாடு கிடைக்கப் பண்ணும். ஒரு குரல் கேக்கப் பண்ணும். இப்ப எனக்கு நம்பிக்கை வருதில்லை. எண்டாலும் உம்மட்டத்தான் வந்து நிக்கிறன்.’

கடைசி இரண்டு வசனத்தைக் கவனியுங்கள். நம்பிக்கை இருப்பதாக அவர் நடிக்கவில்லை. ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்’ என்று மாற்கு 9 இல் கதறிய தகப்பனும் இதையேதான் செய்தான். அவனுடைய பிள்ளை குணமாகியது.

படி 5: கேட்பதும் நேர்த்தியும்

கேளுங்கள் என்று இயேசு சொன்னபடியால் கேட்கலாம். விசா, வேலை, கலியாணம், மழை, எதையும் கேட்கலாம். இது கடவுளுக்குச் சின்ன விஷயம் என்று நீங்களே தணிக்கை செய்யாதீர்கள்.

நேர்த்தி வைப்பது பற்றி ஒன்று சொல்லவேண்டும். காரியம் சரிவந்தால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி, மடுமாதாவிடம் நடந்து வாறன் என்று நேர்வது எங்கள் பழக்கம். ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு மடுவுக்கு நடந்தே போகிறவர்களைப் பார்த்தால் பெரும்பாலானோரிடம் நன்றிதான் தெரியும். ஆனால் ‘நீர் இதைத் தந்தால் நான் அதைத் தருவேன்’ என்று பேரம் பேசத் தொடங்கினால் ஆள் மாறிவிட்டார்; நீங்கள் இப்போது தகப்பனோடு கதைக்கவில்லை, அலுவலகத்தில் கோப்பை நகர்த்தப் பார்க்கிறீர்கள். அப்படியொன்று மனதில் இருந்தால், நேர்த்தியை நிபந்தனையில்லாமல் இன்றைக்கே செலுத்திவிடுங்கள். பேரம் தானாக முறியும்.

கேட்டது கிடைக்காமலும் போகலாம். தன் உடலில் குத்திய முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று தரம் கேட்டார். முள் எடுபடவில்லை, ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற பதில் வந்தது. கெத்செமனேயில் இயேசு கேட்டதும் அப்படியே.

படி 6: தீய ஆவிகளைப் பற்றிய பயம்

இதைத் தவிர்த்துவிட்டுப் போனால் யாழ்ப்பாணத்தில் செபத்தைப் பற்றி எழுதியதாகாது. எபேசியர் 6 தீய சக்திகள் உண்மை என்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நான் வரவில்லை. ஆனால் அந்த அதிகாரம் தரும் ஆயுதங்களைப் பாருங்கள்: சத்தியம், நீதி, சமாதானம், விசுவாசம், வசனம். தேசிக்காய் இல்லை, மந்திரித்த எண்ணெய் இல்லை. யார் செய்வினை செய்தார் என்று கண்டுபிடிக்கச் சொல்லவும் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பயம் வரும்போது பரலோக மந்திரத்தை மெதுவாகச் சொல்லுங்கள். ‘தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்’ என்ற வரியில் நின்று, அதையே திரும்பச் சொல்லுங்கள். யார்மேல் சந்தேகமோ அவருடைய பெயரைச் சொல்லி ஆசீர் கேளுங்கள். ஆவி விரட்ட அட்வான்ஸ் கேட்கிறவர் எந்தச் சபைக்காரராக இருந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

நோய்க்கு மருந்தையும் நிறுத்தாதீர்கள். 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். செபமும் வைத்தியரின் கத்தியும் அந்த வளவில் ஒன்றோடொன்று முரண்படவில்லை. மனநோய்க்கும் இதே விதி. பிள்ளைக்குக் குரல்கள் கேட்கிறதென்றால் செபியுங்கள், அதே கிழமையில் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போங்கள்.

படி 7: ஒன்றும் தோன்றாத நாட்கள்

வரும். சில கிழமைகள், சில மாதங்கள்கூட. சுவரோடு கதைப்பது போலிருக்கும். இந்த நாட்களில் உணர்ச்சியை வலிந்து வரவழைக்கப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. கீபோர்ட் சத்தத்தைக் கூட்டி, கத்தி, அழுது, ‘இப்ப வந்திட்டார்’ என்று சொல்லிக்கொள்வது. எங்கள் கிணறுகளுக்கு இந்த விஷயம் தெரியும். ஆறில்லாத இந்த மண்ணில் மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராய் நிற்கிறது. அளவோடு இறைத்தால் கோடையிலும் கிடைக்கும். மோட்டர் போட்டு வெறிபிடித்தபடி இறைத்தால் உவர் ஏறிவிடும்.

ஆகவே நேரத்தைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். பழைய செபங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: செபமாலை, ஒரு சங்கீதம், ஒரு கீர்த்தனையின் பல்லவி. சொந்தச் சொல் வராதபோது சபையின் சொற்கள் உதவும். அதுவும் முடியாவிட்டால் சும்மா இருங்கள். எப்படி வேண்டிக்கொள்வதென்று தெரியாத எங்களுக்காக ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்கிறது ரோமர் 8:26. நீங்கள் வாயடைத்து இருக்கும் நேரத்திலும் செபம் நடக்கிறது.

தனியே இழுபடவும் வேண்டாம். தோலகட்டியில் 1928 இல் தொடங்கிய செபமாலைத் தாசர் மடத்தை நெல்லிரசத்துக்காகத் தெரிந்தவர்களே அதிகம். ஆனால் அவர்களின் முதல் தொழில் செபம். மருதனார்மடத்தில் கிறிஸ்து சேவா ஆச்சிரமம் இருக்கிறது. வறண்ட காலத்தில் அப்படியொரு இடத்துக்கு ஒரு பின்னேரம் சைக்கிளில் போய், மற்றவர்கள் செபிக்கும்போது பின்வரிசையில் இருந்துவிட்டு வாருங்கள். உங்கள் விசுவாசம் களைத்த அன்று அவர்களுடைய விசுவாசத்தில் சாய்ந்திருப்பதில் வெட்கமில்லை.

படி 8: எழும்பிய பிறகு

செபம் உண்மையா என்று எப்படித் தெரியும்? கனவு, கண்ணீர், உடம்பு சிலிர்ப்பு இவற்றை யோவான் அளவுகோலாக எடுக்கவில்லை. தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று கேட்கிறார் (1 யோவான் 4:20). காணாதவரோடு உள்ள உறவைக் காண்கிற ஆட்களிடம்தான் சோதித்துப் பார்க்கலாம்.

இரவில் படுக்க முதல் ஐந்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள். எதற்கு நன்றி? எங்கே ஆண்டவர் பக்கத்தில் நின்றும் கவனிக்காமல் போனேன்? யாரை நோகடித்தேன்? நாளைக்கு என்ன செய்யவேண்டும்? கடைசிக் கேள்விக்கு எப்போதும் ஒரு ஆளின் பெயர் பதிலாக வரட்டும்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயர் பல வீடுகளில் பக்கத்து வளவுக்காரருடையதாகவே இருக்கும். கதியால் அரையடி இங்கால வந்துவிட்டதென்று பத்து வருடமாகக் கதையில்லை, கோட்டில் வழக்கு, கோயிலில் அடுத்தடுத்த வாங்கில் இருந்தும் முகம் பார்ப்பதில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5:24). வழக்கை விடச் சொல்லவில்லை. எல்லை எதுவென்று நில அளவையாளர் சொல்லட்டும். நீங்கள் போய் ‘சுகமா இருக்கிறியளோ, அண்ணை?’ என்று ஒரு கதை கேளுங்கள். அவர் முகத்தைத் திருப்பினால், அடுத்த நாள் காலமை செபத்தில் முதலாவதாக அதையே ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, ஞாயிறு மறுபடியும் கேளுங்கள்.